அல்லியின் காரில் ஒரு சத்தம், பட்டினச்சேரியில் ஒரு பின்சீட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கும் என் கணவர் திருஞானசம்பந்தத்துக்கும் நடந்த சண்டையில் பிறந்தது. எங்கள் காருக்குள் எங்கோ ஒரு சத்தம். டிக், கிர்ர், டிக். காரைக்கால் பக்கம் தருமபுரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி முதல் வேகத்தடையில் ஏறி இறங்கியதும் தொடங்கும். நான் ஓட்டினால் மட்டும் வரும். அவர் ஓட்டினால் வராது. "ஒனக்குக் காதுல கோளாறு" என்றார். "ஒங்களுக்குக் காதே கெடையாது, கல்யாணமான நாள்லேருந்து" என்றேன். அதோடு வீட்டில் பேச்சு வார்த்தை நின்றது. பேச ஆளில்லாதவள் என்ன செய்வாள், எழுத உட்கார்ந்தேன்.

சத்தத்தை என் காரிலிருந்து பிடுங்கி, நானே உண்டாக்கிய ஒருத்தியின் காரில் போட்டுவிட்டேன். பாவம், அவளுக்கு ஏற்கெனவே வேறு தொல்லை இருந்திருக்கிறது. அது எழுத எழுதத்தான் எனக்குத் தெரிந்தது.

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில் அரசலாற்றுப் பாலத்தின் மேல்—"

வேண்டாம். அந்தி மயங்கினால் மயங்கட்டும், நமக்கென்ன வந்தது.

இரண்டாம் தொடக்கம்: "சத்தம் என்பது என்ன? மௌனத்தின் மீது விழுந்த ஒரு—"

சீ. இதை அவர் படித்திருந்தால் தீபாவளி வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

மூன்றாம் தொடக்கம்: "அல்லிக்கு முப்பத்தொரு வயது. கீழவாஞ்சூர் துறைமுகத்தில் ஒரு சரக்குக் கம்பெனி ஆபீஸில் வேலை. தலத்தெருவிலிருந்து தினமும் தன் சொந்தக் காரில் போய் வருகிறாள். அந்தக் காருக்குள் ஒரு சத்தம்."

இது போதும். பெண்ணுக்கு வேலை இருக்கிறது, கார் இருக்கிறது, சத்தம் இருக்கிறது. மீதியைப் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

3

அல்லி காரை சஃபியுல்லாவின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். அவர் பேருந்து நிலையம் வரை ஓட்டிவிட்டு வந்தார். சத்தம் வரவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்ததும் பல்வலி நின்றுபோகுமே, அந்த மாதிரி.

"எனக்கு ஒண்ணும் கேக்கலம்மா" என்றார் சஃபியுல்லா. "நீங்க ஓட்டுங்க, பக்கத்துல ஒரு ஆள உக்கார வச்சுக்கங்க. ஓட்டுறவங்க ரோட்டப் பாப்பாங்களா, சத்தத்தப் பாப்பாங்களா?"

பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அதற்காகத்தான் சசிதரன் கதைக்குள் வந்தான். சத்தியமாக வேறு எந்த எண்ணமும் எனக்கு இல்லை. அல்லியின் ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருக்கிறான். வீடு பட்டினச்சேரியில், கடலை ஒட்டி. அவனுடைய பைக் பழுதாகிக் கிடந்தது. காலையில் திருமலைராயன்பட்டினம் மெயின்ரோட்டில், நிலக்கரி லாரி கிளப்பும் புழுதிக்குள் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றவனை அல்லி ஏற்றிக்கொண்டாள்.

[சசிதரனைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அதிகம் பேச மாட்டேன் என்கிறான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறான். இவனை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூடத் தள்ள முடியாது என்று, ஒரு வரைவில் இவனை இறக்கிவிட்டு ஓய்வு பெறப்போகிற பெரியவர் ஒருவரை ஏற்றிப் பார்த்தேன். மனுஷர் ஏறியதும் தூங்கிவிட்டார். அவர் விட்ட குறட்டையில் சத்தமும் கேட்கவில்லை, கதையும் நகரவில்லை. மறுபடி சசிதரனையே கூப்பிட்டுக்கொண்டேன்.]

4

சசிதரனுக்கு முதல் நாளே சத்தம் கேட்டது. அல்லிக்கு அவன் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. இத்தனை நாள் அவளுக்குப் பைத்தியம் என்றுதானே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணொண்ணா எறக்கிப் பாத்துடுவோம் மேடம்" என்றான். "எத எறக்குனா சத்தம் நிக்குதோ, அதுதான்."

அன்று மாலை அவன் இறங்கும்போது குடையை எடுத்துக்கொண்டான். "வீட்டுக்குக் கொண்டுபோனா எங்கப்பா திரும்ப வண்டிக்குள்ளயே வச்சிடுவாரு, ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்" என்று அல்லிதான் கொடுத்தனுப்பினாள். மறுநாளும் சத்தம் இருந்தது. கால்மிதிகள் போயின. சத்தம் இருந்தது. கழுத்துக்கு வைக்கும் தலையணை, ஜாக்கி, ஸ்டெப்னி என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு நாள் காலையிலும் ஆபீஸ் போகிற வழியிலுள்ள பாலத்து இணைப்பில் சக்கரம் ஏறும்போது இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். டிக் என்றதும் இரண்டு முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம்.

சத்தம் நிற்கவில்லை என்றால் யாராவது சந்தோஷப்படுவார்களா? எழுதுகிற எனக்கே அது உறைக்கவில்லை. இரண்டு பக்கம் தாண்டிய பிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

சரி, பூசி மெழுகாமல் சொல்கிறேன். அல்லிக்குச் சசிதரனைப் பிடித்திருக்கிறது. அவனுக்கும் அவளைப் பிடித்திருக்கிறது. சொல்லத்தான் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. இவள் வீட்டில் வயல், அவன் வீட்டில் விசைப்படகு. அல்லியின் அப்பா கருப்பையன் சாதி பார்க்காதவர்தான், தன் வீட்டுக் கல்யாணம் என்ற பேச்சு வரும் வரைக்கும். சத்தம் கண்டுபிடிக்கப்பட்டால் சசிதரன் காரில் ஏறக் காரணம் இருக்காது. பைக் எப்போதோ சரியாகிவிட்டது. அதை அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

5

பட்டினச்சேரியில் நடந்ததை அல்லிக்குத் தெரியாமல் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

சசிதரனின் அம்மா தையல்நாயகி மீன் ஏலத்தில் ஆண்களை வாயால் மடக்குகிறவள். மகன் தினமும் ஒரு சாமானோடு வந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாருடா குடுத்துவுடுறது?"

"ஆபீஸ்ல அல்லி மேடம்."

"தெனமுமா?"

"தெனமுந்தாம்மா."

"ஒரு நாளு கூட நிறுத்த மாட்டேங்குதா அந்தப் பொண்ணு?"

"சத்தம் நிக்கலியே, அது எப்படி நிறுத்தும்?"

தையல்நாயகிக்கு இந்தப் பதில் விளங்கவில்லை. ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. பெண் வருவதற்கு முன்னால் சீர் வர ஆரம்பித்திருக்கிறது. படித்த பெண்கள் இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கூடத்தில் பாய் விரித்துக் குடையையும் கால்மிதிகளையும் வரிசையாக அடுக்கினாள். ஸ்டெப்னிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "டயரெல்லாம் சீரு குடுக்குறாங்கன்னா பெரிய எடம்தான்" என்று சொல்லிப் போனார்கள்.

சீர் கொண்டுவந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை. அதனால் தினமும் காலையில் மகன் கையில் ஒரு பொட்டலம் கொடுத்தாள். ஒரு நாள் நெத்திலிக் கருவாடு, ஒரு நாள் இறால் தொக்கு, ஒரு நாள் முழுசாக ஒரு வாளைக் கருவாடு. "அம்மா குடுத்தாங்க மேடம்" என்பான் அவன். காரணம் கேட்டால் சிரிப்பான்.

தலத்தெருவில் கருப்பையன் ஒரு நாள் கார்க் கதவைத் திறந்தவர் ஓரடி பின்வாங்கினார்.

"சத்தம் நின்னுச்சா?"

"இல்லப்பா."

"அப்ப இது என்ன நாத்தம்?"

6

இங்கே கதைக்கு ஓர் இடி தேவைப்பட்டது. இறக்கினேன்.

"ஞாயித்துக்கெழம தஞ்சாவூர்லேருந்து ஒன்னப் பாக்க வர்றாங்க" என்றார் கருப்பையன். "ரயில்ல வர்றாங்க. ஒன் தம்பி நம்ம கார்ல ஸ்டேசனுக்குப் போயி அழச்சிட்டு வரட்டும். அதுக்குள்ள அந்தச் சத்தத்தையும் நாத்தத்தையும் ஒழிச்சுக் கட்டு."

(அவர்கள் ஏன் சொந்தக் காரில் வரக் கூடாது என்று திருஞானசம்பந்தம் கேட்கிறார். ஆமாம், பேச ஆரம்பித்துவிட்டார், எழுதியதைப் படிக்க வேண்டுமே. இந்தக் கதைக்கு அவர்கள் ரயிலில் வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.)

வெள்ளிக்கிழமை மாலை, வாஞ்சூர் தாண்டியதும் அல்லி சொன்னாள்: "ஞாயித்துக்கெழம என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க."

சசிதரன் சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை. நான் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதோ சொல்லப்போகிறான், இப்போது சொல்லிவிடுவான், சொல்லுடா என் ராசா என்று முனகிக்கொண்டே எழுதினேன். அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்ப பின்சீட்டையும் எறக்கிப் பாத்துடலாமா மேடம்?"

பேனாவைத் தூக்கி எறிந்தேன். அது ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது. சனிக்கிழமை முழுவதும் பென்சிலால்தான் எழுதினேன்.

சனிக்கிழமை மாலை அவன் வீட்டு வாசலில் பின்சீட்டை இறக்கினார்கள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போல்ட் கழற்றினார்கள். அல்லி உள்ளே வராமலே கிளம்பிவிட்டாள். தையல்நாயகிக்குத் தலைகால் புரியவில்லை. சீரிலேயே பெரிய சீர் வந்திருக்கிறது. கூடத்தின் நடுவில் போட்டு, டிவியைப் பார்க்கத் திருப்பி வைத்து, அன்று ராத்திரிச் சாப்பாட்டை அதில் உட்கார்ந்தே சாப்பிட்டாள்.

7

முடிவுகள்.

முதல் முடிவு: ஏசி துவாரத்துக்குள் ஒரு பேனா மூடி கிடக்கிறது. எடுத்ததும் சத்தம் நிற்கிறது. சசிதரன் பைக்கில் போகிறான். அல்லிக்குத் தஞ்சாவூரில் கல்யாணம். எழுதி முடித்துவிட்டு எனக்கே அழுகை வந்துவிட்டது. கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவு: அந்தச் சத்தம் காரிலிருந்து வரவில்லை, சசிதரனின் நெஞ்சுக்குள்ளிருந்துதான்—

மன்னித்துக்கொள்ளுங்கள். தூக்கக் கலக்கத்தில் எழுதியது.

மூன்றாம் முடிவு என் கணவருடையது. "எல்லைச் செக்போஸ்ட்டுல வண்டிய நிறுத்துறாங்க, கதவுக்குள்ளேருந்து ஒரு பிராந்தி பாட்டில் உருண்டு வருது. காரைக்கால் கதைன்னு சொல்லிட்டு பாட்டில் இல்லாம எப்படி?" என்றார். இவரிடம் பேசாமலே இருந்திருக்கலாம்.

8

ஞாயிற்றுக்கிழமை காலை. நாற்றம் போக வேண்டுமென்று கருப்பையன் கையில் ஒரு கட்டு ஊதுபத்தியோடு காரைச் சுற்றி வருகிறார். அல்லியின் தம்பி நெடுமாறன் பின்கதவைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

"அக்கா, பின்சீட்டு எங்க?"

"பட்டினச்சேரியில."

"பட்டினச்சேரிக்கு எதுக்குப் போச்சு?" என்றார் கருப்பையன்.

"நான் போயி எடுத்துட்டு வந்துடறேன்பா" என்று சொல்லிவிட்டுப் பட்டுப்புடவையோடு காரில் ஏறினாள் அல்லி. வழியெல்லாம் அழுதாள். நான் தடுக்கவில்லை. அழ வேண்டியதுதான்.

பட்டினச்சேரி வீட்டுக் கூடத்தில் தையல்நாயகி பின்சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா, வா. இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா?"

"சீட்ட எடுத்துட்டுப் போக வந்தேம்மா. ஸ்டேசன்லேருந்து ஆளுங்கள அழச்சிட்டு வரணும். என்னப் பொண்ணு பாக்க வர்றாங்க."

தையல்நாயகி அசையவில்லை. "குடுத்த சீரத் திரும்பக் கேக்குறது எங்க பக்கம் இல்லம்மா. ஒங்க பக்கம் உண்டா?"

அப்போதுதான் அல்லி பாயைப் பார்த்தாள். குங்குமம் வைத்த ஸ்டெப்னி, சுருட்டி நூல் கட்டிய கால்மிதிகள், எல்லாவற்றுக்கும் மேலே விரித்து வைத்த அவளுடைய குடை. எத்தனை நாளாகத் தன் காரிலிருந்து இந்த வீட்டுக்குச் சீர் போய்க்கொண்டிருக்கிறது என்று அவளுக்கு விளங்கியது. காது வரைக்கும் சிவந்துவிட்டாள். சசிதரன் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"அம்மா, எந்திரி. அது சீரு இல்ல. சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாக்க எறக்குனது."

"அப்படியா? எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுதா?"

அடுத்து வருகிற பேச்சில் நான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் அது பொய்.

"மொத வாரமே தெரிஞ்சுடுச்சு அல்லி" என்றான் சசிதரன். "சொன்னா நீங்க என்ன ஏத்திக்க மாட்டீங்கன்னு சொல்லல."

அல்லி அவனைப் பார்த்தாள். கண்ணீரோடு சிரித்தாள்.

"ஒங்கள ஏத்துனதுக்கு மறுநாளே எனக்குத் தெரியும்" என்றாள். "கண்டுபுடிச்சுட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு தெனமும் பயந்துக்கிட்டே வண்டி ஓட்டுனேன்."

தையல்நாயகி எழுந்திருக்கவில்லை. ஜன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பின்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம்.

அல்லி உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த செல்போன் அடிக்கிறது. 'அப்பா' என்று வருகிறது. தஞ்சாவூர் ரயில் வந்திருக்கும். அவள் எடுக்காமல் போனை நீட்டுகிறாள். சசிதரன் வாங்கப் போனால் நான் விட மாட்டேன், அவன் மறுபடியும் போல்ட்டைப் பற்றித்தான் பேசுவான். நான் எடுக்கலாம்தான். ஆனால் எனக்கு வாய் நீளம், காரியம் கெட்டுவிடும்.

அதனால் நீங்கள் எடுங்கள். கருப்பையனைக் கோபக்காரராகத்தான் எழுதியிருக்கிறேன், ஆனாலும் மகள் அழுதால் தாங்க மாட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சத்தம் எங்கிருந்துதான் வந்தது என்று கட்டாயம் கேட்பார். தெரியாது என்று சொல்லிவிடுங்கள், அவர்கள் இரண்டு பேரும் அதை எனக்கே சொல்லவில்லை. சீக்கிரம் எடுங்கள், அடித்துக்கொண்டே இருக்கிறது.