தெரியாது என்று சொல்லும் விளையாட்டு

பொங்கல் விடுமுறை முடிந்து அங்கன்வாடி திறந்த அன்று மணிமொழி சுவரில் புதிய படத்தாளை மாட்டினாள். ‘பண்டிகைகளும் குளிர்கால விலங்குகளும்’ என்று தலைப்பு. மேலே பொங்கல் பானை, நட்சத்திர விளக்கு, பிறை நிலா. கீழே பனிப்பாறை மேல் ஒரு வெள்ளைக் கரடி, வரிசையாகப் பென்குவின்கள், கம்பளிச் சட்டை போட்ட நாய்க்குட்டி. மாவட்டத்தில் எல்லா மையங்களுக்கும் ஒரே படம்தான் வந்திருந்தது.

மையம் இருக்கும் நெல்லிப்பாறை கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் உள்ளே இருக்கிறது. தை மாதக் காலையில் அங்கே குழந்தைகள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வருவார்கள். பனி அவர்களுக்குத் தெரியும். பாறை மாதிரி உறைந்த பனியை யாரும் பார்த்ததில்லை.

“டீச்சர், இந்தக் கரடிக்கு வயசாயிடுச்சா?” என்றான் ஒரு பையன்.

“ஏன்டா?”

“நரைச்சிருக்குதே.”

சமையல் உதவியாளர் செங்கம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் அந்த ஊர்க்காரி. தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அது ஆபீசு கரடிடா. ஏசியில குந்திக்கினு வெளுத்துப் போச்சு.”

மணிமொழிக்குச் சிரிப்பு வந்தது. படத்தை விட்டுவிட்டு நம் மலையைப் பற்றியே கேட்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

அவள் நைனார்பாளையத்துக்காரி. வேலை கிடைத்து மலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வெள்ளிமலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமைகளில் ஊருக்குப் போவாள். வந்த புதிதில் குழந்தைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெயரைக் கேட்டால் தரையைப் பார்த்தார்கள். ஊரில் பெரியண்ணன் என்பவனின் மகள் அபிநயா கதவுக்குப் பின்னால் நின்றபடியே ஒரு பருவம் முழுவதையும் கழித்தாள். பாட்டும் பொம்மையுமாக அவர்களைப் பேச வைக்க மணிமொழிக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பார்த்ததைச் சொல்லு, சத்தமாச் சொல்லு என்று தினமும் சொல்வாள். நான்கு வயதாகிவிட்ட அபிநயா இப்போது அந்த அறையிலேயே அதிகம் பேசுகிறவள்.

“நம்ம மலையில குளுரு வந்தா யார் யாரு என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டுவிட்டு மணிமொழி கைபேசியை எடுத்தாள். அன்றன்றைய செயல்பாட்டை வீடியோ எடுத்து வட்டாரக் குழுவில் போட வேண்டும் என்பது விதி.

குரங்குகள் ஒன்றை ஒன்று கட்டிக்கொண்டு உட்காரும் என்றது ஒரு குழந்தை. காட்டுப்பன்றி மரவள்ளியைத் தோண்டும் என்றது இன்னொன்று. அபிநயா எழுந்து நின்று இரண்டு கைகளையும் காதாக உயர்த்திக் காட்டினாள்.

“முயலு சாமை அறுத்த காட்டுல படுத்துக்கினு இருக்கும் டீச்சர். வெயிலு வந்தாதான் ஏந்திரிக்கும். கரிநாளுக்கு எங்கப்பா வலை கட்டுனாரு. அது ஓடியாந்து வுழுந்துடுச்சி.”

குழந்தை ஒன்று சொன்னால் அதிலிருந்தே அடுத்த கேள்வியை எடுத்து அதன் பேச்சை நீட்ட வேண்டும். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மணிமொழி கேட்டாள்: “அப்படியா? அப்பா தனியாவா போனாரு?”

“இல்ல. மாமா, சித்தப்பா, கோயிலு பூசாரி, எல்லாரும். கத்திக்கினே தொரத்துவாங்க. எல்லா வூட்டுக்கும் ஒரு பங்கு. எங்கம்மா கொழம்பு வெச்சாங்க. நீ ஊருக்குப் போய்ட்ட. இருந்தா உனக்கும் குடுத்திருப்போம்.”

வீடியோவில் மணிமொழியின் சிரிப்பும் பதிந்திருந்தது. அனுப்புவதற்கு முன் அவள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். தயங்காத குரல், வார்த்தைக்குத் தகுந்த கை அசைவு, முழு வாக்கியங்கள். அவளுக்கு அவைதான் தெரிந்தன. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளான கரிநாளில் மலை ஊர்களில் ஆண்கள் சேர்ந்து வேட்டைக்குப் போவதை அவளும் கேள்விப்பட்டிருந்தாள். வனத்துறை அதைத் தடை செய்திருப்பதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை.

மேற்பார்வையாளர் செந்தமிழ்ச்செல்வி உடனே ‘அருமை’ என்று பதில் போட்டு, வீடியோவை மாவட்டக் குழுவுக்கும் அனுப்பினாள். அங்கிருந்து யாரோ எடுத்து, சிரிக்கும் முகங்களைச் சேர்த்து ஸ்டேட்டஸில் வைத்தார்கள். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடைக்காரர் முதல் ஆட்டோ ஓட்டுபவர் வரை அதைப் பார்த்தார்கள். கடைசியில் வனத்துறையில் மேலே இருக்கும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது.

ஜீப் ஒரு காலையில் வந்தது. பெரியண்ணன் வீட்டுப் பரணில் இருந்த வலையை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மணிமொழிக்கு விஷயத்தைச் சொன்னது செங்கம்மாள்தான். சொல்லிவிட்டு, “செல்லுல பார்த்துதான் வந்தாங்களாம்” என்று மட்டும் சேர்த்தாள். அடுப்பில் அரிசியைப் போட்டுவிட்டு வெகுநேரம் கிளறிக்கொண்டே இருந்தாள்.

மணிமொழி வனத்துறை அலுவலகத்துக்குப் போனாள். வனவர் வெங்கடேசன் அவளுக்குப் பழக்கமானவர். ரோந்து வரும்போது மையத்தில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பெரியண்ணன் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் எழுந்து நின்றான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“அது கதைங்க சார். நான் சொல்லிக்குடுத்த கதை. பாப்பா அதைத் திருப்பிச் சொல்லுது” என்றாள்.

வெங்கடேசன் கைபேசியைத் திருப்பி அவளிடமே காட்டினார். “இதுல கேள்வி கேக்குறது நீங்கதான? தனியாவா போனாருன்னு கேக்குறீங்க. கதை சொல்லிக்குடுத்தவங்க அதைக் கேப்பாங்களா?”

அவள் வராந்தாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்கு மட்டும் ஆசையா டீச்சர். இந்த ஊர்ல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா. மேலருந்து போன் மேல போன். நாளைக்கு நானே வந்து பாப்பாவக் கேப்பேன். சின்னக் கொழந்த, விவரமில்லாம உளறுதுன்னு பட்டா அப்படியே எழுதி முடிச்சிருவேன். வலை வெச்சிருந்ததுக்கு எச்சரிச்சு அனுப்பிடலாம்.” குரலைத் தணித்தார். “அதுவே மாமா, சித்தப்பான்னு பேர் பேரா சொல்லிச்சின்னா என் கையில ஒண்ணும் இல்ல. ஜெயிலுதான். இவரு மட்டும் இல்ல, ஊரே போகும்.”

அவள் திரும்பி வந்தபோது பெரியண்ணனின் மனைவி ஆயம்மாள் மையத்து வாசலில் குழந்தையுடன் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வரவில்லை. மணிமொழி வெங்கடேசன் சொன்னதை அப்படியே சொன்னாள்.

“வூட்ல நான் சொல்லிப் பார்த்துட்டேன்” என்றாள் ஆயம்மாள். “அப்பா முயலு புடிக்கலன்னு சொல்லுடின்னா, புடிச்சாரே, நீதான கொழம்பு வெச்சன்னு என்னையே திருப்பிக் கேக்குது. பார்த்ததைத்தான் சொல்லணும்னு டீச்சர் சொன்னாங்களாம்.” அவள் குரல் உயரவில்லை. “நீதான பேச வெச்ச. நீயே நிறுத்து.”

மற்றக் குழந்தைகள் வீட்டுக்குப் போன பிறகு மணிமொழி அபிநயாவைப் பாயில் உட்கார வைத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவள் கற்ற வித்தைகள் எல்லாம் குழந்தையைச் சொல்ல வைப்பவை. கொஞ்ச நேரம் யோசித்து, அவற்றிலேயே ஒன்றை எடுத்தாள்.

“ஒரு வெளையாட்டு. நான் என்ன காட்டினாலும் தெரியாதுன்னு சொல்லணும். சிரிச்சா அவுட்டு. சிரிக்காம சொன்னா கடலை மிட்டாய்.”

பசு படத்தைக் காட்டினாள்.

“மாடு” என்றாள் அபிநயா.

“தெரியாதுன்னு சொல்லணும்.”

“எனக்குத்தான் தெரியுமே.”

“தெரிஞ்சும் தெரியாதுன்னு சொல்றதுதான் வெளையாட்டு.”

அது குழந்தைக்குப் பிடித்துப்போயிற்று. செங்கம்மாளும் வந்து உட்கார்ந்து, முந்தானையைத் தொப்பி போலத் தலையில் மடித்து வைத்துக்கொண்டு குரலைத் தடிமனாக்கினாள். “ஏ பாப்பா. இது இன்னா?” அபிநயா கெக்கலித்தாள். அவுட். மறுபடி. குரங்குக்கு அவுட். கரடிக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு தெரியாது என்றாள். மிட்டாய். முயல் படம் வந்ததும் இரண்டு கைகளும் தாமாகவே காதுக்குப் போயின. மணிமொழி அவற்றைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள்.

“கையும் சொல்லக் கூடாது.”

திரும்பத் திரும்ப. வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது அபிநயா கல் மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தெரியாது என்றாள்.

“அப்பாகூட யாரு போனாங்க?” என்றாள் செங்கம்மாள்.

“தெரியாது.”

“உம் பேரு இன்னாடி?”

“தெரியாது.”

செங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது. ஆயம்மாள் நிலைக்கதவைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிமொழி மீதி மிட்டாயைக் குழந்தையின் கையில் வைத்தாள்.

மறுநாள் வெங்கடேசன் சீருடையில் வந்து பாயிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். கூட வந்த காவலர் வாசலில் நின்றார். குழந்தைகள் சுவரோரமாக ஒட்டிக்கொண்டார்கள்.

முயல் படத்தைக் காட்டினார். தெரியாது. மாட்டைக் காட்டினார். தெரியாது. “அப்பா பேரு என்னம்மா?” தெரியாது. அவர் மணிமொழியை ஒருமுறை பார்த்துவிட்டு, கைபேசியில் அந்த வீடியோவை ஓடவிட்டுக் குழந்தையின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இது யாரு?”

திரையில் அபிநயா காது காட்டிக்கொண்டிருந்தாள். இவள் அதைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. வாய் திறந்தது. மணிமொழி அசையாமல் நின்றாள். தன் முகத்தில் என்ன இருந்தது என்று அவளுக்கே தெரியாது. குழந்தை நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தாள். மலர்ச்சி போய்விட்டது.

“தெரியாது.”

வெங்கடேசன் கைபேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். “நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்” என்றார். அதில் கேலி எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பெரியண்ணனை அன்று மாலையே விட்டுவிட்டார்கள். வலையை மட்டும் அலுவலகத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்தினார்களாம். அடுத்த நாள் அவனே மகளைக் கொண்டுவந்து விட்டான்.

“பரவால்ல டீச்சரு. வலைதான போச்சு. நீங்க வேணும்னேவா செஞ்சீங்க?”

ஊரில் யாரும் அவளைத் திட்டவில்லை. குழந்தைகளை அனுப்பாமலும் இருக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் முன்பு போலவே வழிவிட்டார்கள். ஆனால் அவள் பக்கத்தில் போனதும் பேச்சு சோறு, குளிர், பஸ் என்று மாறிக்கொண்டது. வகுப்பில் நேற்று வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று கேட்டால் குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அபிநயாவிடம் கேட்டால் ஒரே பதில்தான். வெளையாட்டு முடிஞ்சிடுச்சி கண்ணு, இப்போ சொல்லலாம் என்று மணிமொழி பலமுறை சொல்லிப் பார்த்தாள். குழந்தை கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு, சிரிக்காமல், தெரியாது என்றாள். மிட்டாய்க்காகக் கை நீட்டவுமில்லை.

செந்தமிழ்ச்செல்வி போன் செய்தாள். “என்ன மணிமொழி, வீடியோவே காணோம்? உன் புள்ளைங்கதான் நல்லா பேசுமே.”

“குளுரு ஜாஸ்திங்க மேடம். புள்ளைங்களுக்குச் சளி.”

“போட்டோவாவது போடு. தலைய எண்ணிக் காட்டணும்ல.”

போட்டோ எடுத்து அனுப்பினாள். எல்லாரும் வரிசையாக, கையைக் கட்டி, வாயை மூடி உட்கார்ந்திருந்தார்கள். ‘நல்ல ஒழுக்கம்’ என்று குழுவில் யாரோ எழுதினார்கள்.

அந்த வாரக் கடைசியில் பஸ்ஸுக்காக அவள் மேட்டுப்பாதையில் நடந்துகொண்டிருந்தபோது முன்னால் ஒரு குழந்தையின் குரல் கேட்டது. ஆயம்மாள் தலையில் விறகுக் கட்டு, பக்கத்தில் அபிநயா. குழந்தை மூச்சு விடாமல் பேசிக்கொண்டு போனாள். அந்தா புத்து, அதுல பாம்பு தூங்குது, எழுப்பக் கூடாது. இது பன்னி தோண்டுன குழி, நேத்து இல்ல, இன்னிக்குத்தான் தோண்டியிருக்குது, மண்ணு ஈரமா இருக்குது பாரு. கைகள் இரண்டும் சொல்லுக்குச் சொல் காற்றில் ஆடின. மணிமொழி தன்னை அறியாமல் நடையை எட்டிப் போட்டாள்.

காலடிச் சத்தத்துக்குக் குழந்தை திரும்பினாள். பேச்சு நின்றது. கைகள் கீழே இறங்கின. ஆயம்மாள் தலைச்சுமையோடு ஒதுங்கி, “முன்னால போங்க டீச்சர், பஸ்ஸு வந்துடும்” என்றாள்.

“இல்ல, நீங்க போங்க. எனக்கு நேரம் இருக்குது.”

நேரம் இல்லை. இருந்தாலும் அவள் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டாள். அவர்கள் திருப்பத்தைக் கடந்து மறைந்தார்கள். கீழே பஸ் ஹாரன் அடித்தது. அது ஓய்ந்த பிறகு மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் மறுபடியும் மெல்லக் கேட்டது. என்ன சொல்கிறது என்று புரியும் தொலைவில் அவள் இல்லை. குரல் தேய்ந்து மறையும்வரை அங்கேயே நின்றிருந்துவிட்டுத்தான் நடந்தாள்.