வலது பக்கத்துப் பாட்டு

ரெங்கசாமி மாமா கட்டிலின் வலது பக்கம் முட்டிபோட்டு, அப்பாவின் காதருகே குனிந்து, "நமசிவாய" என்று ஆரம்பித்ததும் அம்மா பால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணே, இந்தப் பக்கம் வாங்க. அங்க சொல்லாதீங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். கோயில் கமிட்டியில் இருபது வருஷம் இருந்தவர். அவருக்கே ஒருவர் முறை சொல்லிக்கொடுப்பதா?

"வலது காதுலதான் சொல்லணும் தனம். அதான் முறை."

"முறையெல்லாம் சரி. அந்தக் காது அவருக்குக் கேக்காதே! யாருக்குச் சொல்றீங்க?"

கால்மாட்டில் உட்கார்ந்து அப்பாவின் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த சந்திரகலாவின் கை அப்படியே நின்றது.

"ஸ்ட்ரோக் வந்ததுலருந்தா?" என்றார் மாமா.

"எட்டு வயசுலருந்து. எஸ்டேட்ல இருக்கையில காதுல சீழ் வச்சுப் போயிடுச்சாம். கல்யாணமாகி ஒரு மாசம் கழிச்சுத்தான் எனக்கே தெரியும். பஸ் லைசென்ஸ் போயிடும், யார்கிட்டயும் மூச்சு விடாதேன்னாரு. நானும் விடல. இனிமே அந்த லைசென்ஸை வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்?"

மாமா எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, கட்டிலைச் சுற்றி இடது பக்கம் வந்தார். அந்தக் காதில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அப்பா அய்யாவு கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர். ஒன்பது நாளுக்கு முன்னால் கிள்ளான் பஸ் நிலையத்தில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்தார். நேற்று ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் ஒரு நல்ல மனுஷர். "பேசிக்கிட்டே இருங்க, காதுதான் கடைசிவரைக்கும் வேலை செய்யும்" என்றார்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்று சந்திரகலா கேட்டாள்.

"உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்! நீதானே சத்தத்தைப் பத்திப் படிக்கிற பிள்ளை?"

அம்மா குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ரோட்டில் நடக்கும்போது அப்பா எப்போதும் அவளைத் தன் இடது கைப்பக்கம் இழுத்துக்கொள்வார். கார் மோதிவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கல்யாண வீட்டில் பந்தியின் வலது கோடி நாற்காலியைத் தேடிப் பிடிப்பார். பஸ்ஸில் டிரைவர் சீட் வலது பக்கம், அந்தக் காதுக்கு ஜன்னல் மட்டும்தான் துணை. பயணிகளின் கூச்சலெல்லாம் இடது பக்கமிருந்து வரும். மனுஷர் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டியிருக்கிறார். பூச்சி பறந்தால்கூட எந்தப் பக்கம் பறக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கு காலேஜில் பயிற்சி எடுத்த மகளுக்கு, இருபத்தொரு வருஷமாக இது தெரியவில்லை.

அவள் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தனியார் காலேஜில் ஒலிப்பதிவு படித்தாள். சவுண்ட் இன்ஜினியரிங் என்று சொன்னால் சொந்தக்காரர்களுக்கு விளங்காது. "கல்யாண வீட்டுல மைக் செட் கட்டுறதுக்கு மூணு வருஷப் படிப்பா?" என்று ரெங்கசாமி மாமாவே சிரித்திருக்கிறார். "அது வேற லா மாப்பிள்ளை" என்று அப்பா மட்டும் பரிந்து பேசுவார். வேறு என்றால் என்ன வேறு என்று அவருக்கும் தெரியாது.

அதனால்தான் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "அப்படி என்னதான் படிக்கிறே, ஒரு தடவை போட்டுக் காட்டு பாப்பா" என்று கேட்டார்.

போட்டுக் காட்ட அவளிடம் ஒன்று இருந்தது. காலேஜில் கொடுத்த பயிற்சி. இரண்டே மைக், ஒரு குரல், ஒரு வாத்தியம். குரல் முழுக்க வலது பக்கம், வாத்தியம் முழுக்க இடது பக்கம், ஒன்றில் இன்னொன்று கலக்கக் கூடாது என்று விரிவுரையாளர் கறாராகச் சொல்லியிருந்தார். கூடப் படிக்கும் பாலன் மிருதங்கம் வாசித்தான். பாடுவதாக இருந்த பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஸ்டூடியோ நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. சந்திரகலாவே மைக் முன்னால் நின்றாள். பாட்டும் அவள் எழுதியதுதான். அப்பாவின் பஸ் கிள்ளான் பாலத்தில் கிளம்பி பாடாங் ஜாவா, பத்து தீகா, சுங்கை வே, பெட்டாலிங் ஜெயா, பங்சார் என்று ஒவ்வொரு ஸ்டாப்பாக வரும். கடைசி வரியில் பிரிக்பீல்ட்ஸ், அவர்கள் வீடு. "பிரிக்பீல்ட்ஸ் வந்தாச்சு, இறங்குங்கப்பா, சோறு ஆறுது" என்று முடியும்.

ஹெட்போனை அவளே அவர் தலையில் மாட்டினாள். வெள்ளை L இடது காதுக்கு, சிவப்பு R வலது காதுக்கு, சரிபார்த்துத்தான் மாட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேளம் பிரமாதம்" என்றார். "பாட்டு எங்க பாப்பா?"

"என்னப்பா, விளையாடுறீங்களா?"

"இல்லம்மா, மேளம் மட்டுந்தானே..." என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நல்லா இருக்கு. நல்லா படி."

பஸ் டிரைவர் என்று பாட்டில் சொன்னது அவருக்கு வெட்கம், கேட்காத மாதிரி நடிக்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். சுருக்கென்று கோபம் ஏறியது. "கேக்கத் தெரியாதவங்களுக்குப் போட்டுக் காட்டினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!" என்று ஹெட்போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாதமும் "சாப்பிட்டியா", "கதவைப் பூட்டிக்க" என்பதோடு சரி. ஒரு வார்த்தை, இந்தக் காது கேட்காது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே இந்த மனுஷர்! லைசென்ஸ் ஆபீஸுக்கு மறைத்தார் சரி, பெற்ற பிள்ளைக்குமா? அவளுக்கு அப்பாவின் மேல் கோபம் வந்தது. தன் மேல் வந்தது அதைவிடப் பெரிது.

எழுந்து அறைக்குப் போனாள். மேசை இழுப்பறையில் வாக்மேனும் ஹெட்போனும் இருந்தன. கேசட் உள்ளேயே இருந்தது. பட்டனை அழுத்தினால் ஓடவில்லை. பாட்டரி தீர்ந்திருந்தது. அன்றைக்கு அப்புறம் அவள் அதைத் தொடவே இல்லையே.

பின்னாலேயே வந்த அம்மா வாசலில் நின்றாள்.

"அவருதான் கேட்டுக்கிட்டிருந்தாரு. தன் லீவு நாள்ல நீ காலேஜுக்குப் போனதும் எடுத்து மாட்டிக்குவாரு. நாலஞ்சு தடவை இருக்கும். 'மேளம்தான் வருது தனம், பாப்பா பாடினது எங்கயோ போயிடுச்சு'ம்பாரு."

 சந்திரகலா சமையலறை டார்ச்சைத் திறந்து இரண்டு பாட்டரியையும் எடுத்தாள். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து அடுப்படி வரை உருண்டது. அம்மாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

கட்டிலருகே அவள் ஹெட்போனோடு வந்ததைப் பார்த்து, எதிர்வீட்டு சீதாலெட்சுமி ஆன்டிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, என்ன பிள்ளை இது! சாமி பேரு சொல்ற நேரத்துல பாட்டு போடுது?"

"போடட்டும்க்கா" என்றாள் அம்மா. "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

மாமா அரைமனதாக விலகினார். சந்திரகலா அப்பாவின் தலையை மெல்லத் தூக்கி ஹெட்போனை மாட்டினாள். இந்த முறை திருப்பி மாட்டினாள். சிவப்பு R இடது காதில் இருந்தது. காலேஜில் முதல் நாளே கூடாது என்று சொல்லிக்கொடுத்த வேலை. பட்டனை அழுத்தினாள்.

அறையில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போன் ஓரத்தில் மட்டும் மெல்லிசாக ஏதோ கசிந்தது. அவளுக்கு அது போதும், பாட்டு எங்கே போகிறது என்று தெரிந்தது. கிள்ளான் பாலம். பாடாங் ஜாவா. அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. பத்து தீகாவில் ஒரு மூச்சு வந்தது. சுங்கை வேயில் வரவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் ஒன்று, நீளமாக வந்தது. அப்புறம் அவள் காத்திருந்தாள்.

மாமா குனிந்து மூக்கருகே விரலை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு திதி பார்க்க வேண்டுமே என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு பன்னெண்டு" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து சரிந்தாள். சீதாலெட்சுமி ஆன்டி பெருங்குரலெடுத்து அழுதாள். மாமா தயாராக வைத்திருந்த வெள்ளை வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, நீளமாக ஒரு துண்டு கிழித்துக்கொண்டு கட்டிலருகே வந்தார்.

"அதை எடும்மா கலா. வாய் கட்டணும், நேரமாச்சுன்னா விறைச்சுக்கும்."

சந்திரகலா சிவப்பு R மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"கொஞ்சம் இருங்க மாமா. இப்பதான் பங்சார். இன்னும் பிரிக்பீல்ட்ஸ் வரல."

 மாமா துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, வாக்மேனின் சின்னக் கண்ணாடிக்குள் சுற்றும் கேசட்டைப் பார்த்தபடி நின்றார்.