மேல் பட்டன்

அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்து முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள் மகள். முன்னறையில் யாரோ இருமினார்கள். கையைத் துடைத்துக்கொண்டு போனாள். முன்னறைதான் லாண்டரி.

மேசைக்கு அந்தப் பக்கம் ஜட்ஜ் நின்றார். இருபது வருஷமாக அவர் வீட்டுத் துணி இங்கேதான் வருகிறது. கொண்டுவருவதும் எடுத்துப்போவதும் டிரைவர். இவர் வந்ததே இல்லை.

"சட்டை ஏதாவது கருகிடுச்சுங்களா ஐயா?"

"இல்லம்மா. மேல் பட்டனைப் போட்டு மடிச்சிருக்கு."

"காலர் நிக்கணும்னு எல்லாருக்கும் போடுறதுதாங்க."

"எனக்குப் போட மாட்டாங்க. கழுத்துல பட்டன் போட்டா எனக்கு மூச்சு முட்டும். அதை இந்தக் கடையில நான் சொன்னதே இல்ல." மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஒரு மாசமா மடிப்பு மாறியிருக்கு. உங்கம்மாவுக்கு என்ன?"

மகளுக்குப் புரிந்துவிட்டது. அப்பா செத்த வருஷம் அம்மா ஒரே ஒருமுறை சொன்ன கதை. பெரிய வீட்டுப் பையன், சட்டம் படித்தவன். பதிவு அலுவலக வாசலில் அவனுக்காக அம்மா சாயங்காலம் வரை நின்றிருக்கிறாள். அவனை அவன் அப்பா அறையில் போட்டுப் பூட்டிவிட்டாராம். 'பாவம், என்ன பாடு பட்டானோ' என்று அம்மா முடித்தாள். பெயர் சொல்லவில்லை.

"இன்னைக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பாருங்க. ஆனா அழவெச்சுடாதீங்க. நிம்மதியாப் போகணும், எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

அவரைப் பார்த்ததும் அம்மா முகம் மலர்ந்தது.

"ஐயாவுக்கு நாற்காலி போடு."

"ஐயான்னு சொல்லாத."

"ரிட்டயர் ஆனா ஜட்ஜ் இல்லேன்னு ஆயிடுமா?" சிரிப்பு இருமலில் முடிந்தது. "இளைச்சுட்டீங்க. போன வருஷமே சட்டை ஒரு சைஸ் குறைஞ்சுது. பார்த்தேன்."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

"அன்னைக்கு நான் வந்தேன்."

அம்மா கண்ணை விரித்துப் பார்த்தாள்.

"சாட்சிக்கு ரெண்டு ஃபிரண்ட்ஸைக் கூட்டிட்டு வந்தேன். நான் கட்டிக்கப்போறது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது; உன்னைத் துணி வெளுக்கற வீட்டுப் பொண்ணா மட்டும் தெரியும். நீ மூட்டையோட நின்ன. 'கல்யாணத்துக்குக்கூட அழுக்குத் துணியோட வந்திருக்கா பாரு'ன்னு சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன். அப்படியே திரும்பிட்டேன்."

மகள் கதவைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் குழாயில் குடம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் வந்து மூடவில்லை.

"அழுக்குத் துணி இல்ல," என்றாள் அம்மா. "என் புடவைங்க. வீட்டை விட்டு வர்றவ வேற எப்படி எடுத்துட்டு வர்றது?"

"மன்னிச்சிடுன்னு கேட்கத்தான்..."

"உங்களப் பூட்டி வெச்சுட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அது போதுமா இருந்துச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நேரமாகுது. கெளம்புங்க."

வாசல்வரை மகளும் போனாள்.

"உங்க நெஞ்சுல இருக்கறத எறக்கிவெக்க எங்கம்மாதான் கெடச்சாங்களா?"

அவர் செருப்பைத் தேடினார். காலுக்குக் கீழேயே கிடந்தது.

திரும்பி வந்தபோது அம்மா சுவரைப் பார்த்திருந்தாள்.

"அந்த வீட்டுச் சட்டை ஆறு கெடக்கு. தேய்க்காம அப்படியே குடுத்துடு. இனிமே வாங்காத."

"சரிம்மா."

பிறகு பேசவில்லை. நாலரை மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் காலை சவப்பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்த பிறகுதான் தெரிந்தது, சந்துக்குள் ஒரு கார் நுழைந்து வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

"யாருப்பா இதைக் கொண்டாந்து சொருகினது?"

"ஜட்ஜ் காராம்."

"ஜட்ஜா இருந்தா? பொணம் பறந்தா போகும்?"

இறங்கிய ஜட்ஜ் மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அவர் காருக்குப் பின்னால் போனார். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் சுவர். டிரைவர் தடுமாறினான்.

"வா. வா. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடி. இன்னும் வா," என்று கையை ஆட்டிக்கொண்டே பின்னால் நடந்தார்.

கார் நகர்ந்த அளவுக்கு மட்டும் பெட்டி முன்னால் போனது.