இருபது நிமிட ரத்தம்

என் கணவரைப் பத்தொன்பது வருடமாகக் குத்தி ரத்தம் எடுத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு வந்து, என் மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிடுவார்.

"இதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்பார்.

நான் உயிர்வேதியியல் ஆய்வாளர். உடம்புக்குள் இருக்கும் கந்தகச் சேர்மங்களே என் பிழைப்பு. ரத்தத்தில் குளுட்டாதயோன் என்று ஒன்று உண்டு. நல்ல உடம்பில் அது நூற்றுக்கு ஒரு பங்குதான் கெட்டிருக்கும். ஒரு வகைக் கல்லீரல் நோயாளிகளிடம் ஆறு பங்கு. இது என் கண்டுபிடிப்பு. அந்த நோயாளிகள் ஐந்து வருடம் தாண்டுவது அபூர்வம். என் ஆறை நம்பித்தான் பதினோரு வருடமாக அவர்களுக்குக் காலையும் மாலையும் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். வீட்டிலும் வாய் ஓயாமல் இந்த ஒன்று, ஆறு கதைதான்.

நோயில்லாத ரத்தத்துக்கு என் வீட்டுக்காரரும் இன்னும் முப்பது பேரும். எல்லோருக்கும் அதே நாற்காலி.

போன வாரம் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் மருத்துவமனையில், மூன்றாவது மாடி வார்டில் சேர்த்தோம். மாதக் கணக்கு தவறக் கூடாதே என்று அங்கேயே ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னேன். டெக்னீஷியன் மெஷினில் போட்டான். ஆறு வந்தது.

அந்தப் புண்ணியவான் என்னிடம் வருவதற்கு முன்பே வார்டுக்குப் போய், மூஞ்சியைத் தொங்கப்போட்டு அவரிடம் சொல்லிவிட்டான்.

எண்ணைக் கேட்டதும் பயந்தேன். அவருக்காக அல்ல. வெளியே எடுத்த ரத்தத்தில் கந்தகம் சும்மா இருக்காது. வெட்டி வைத்த ஆப்பிள் மாதிரி தானாகவே கெடும். அதைத் தடுக்க உடனே அமிலம் விட வேண்டும். நாற்காலிக்காரர்களுக்கு உடனே விட்டேன். வார்டில் கிடக்கும் நோயாளிகளின் ரத்தம் லிஃப்டுக்குக் காத்திருந்து, முற்றத்தைத் தாண்டி, வார்டு ஊழியர் கையில் இருபது நிமிடம் கழித்து வரும். அதன் பிறகுதான் அமிலம். இந்த முறை அவர் ரத்தமும் அந்த வழியில்தான் வந்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு மாணவி கேட்டாள். "மேடம், நோயாளிங்க ரத்தத்தையும் நல்லா இருக்கறவங்க ரத்தத்தையும் ஒரே இடத்துல எடுத்தா என்ன?"

"நீ முதல்ல பிப்பெட்டை ஒழுங்காப் பிடி" என்றேன், எல்லோர் முன்னாலும். அவள் மறுமாதமே படிப்பை விட்டுப் போய்விட்டாள்.

என் ரத்தத்தையே இரண்டு குழாயில் எடுத்தேன். ஒன்றில் உடனே அமிலம். இன்னொன்று மேசைமேல் இருபது நிமிடம். ஒன்று. ஆறு. இத்தனை காலமும் நான் அளந்தது வார்டுக்கும் எனக்கும் நடுவிலிருந்த தூரத்தை.

அன்று சாயங்காலம் அவர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரொம்ப நாள் இல்லடா. அண்ணிக்கு ஆராய்ச்சியைத் தவிர ஒண்ணும் தெரியாது. அடுப்பைப் பத்த வெச்சுட்டு மறந்துடுவா. நீதான் பாத்துக்கணும்."

வாயைத் திறந்தால் போதும். என் ஆயுள் உழைப்பு போகும், அவர் பயமும் போகும். இன்னொரு முறை சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், அதுவும் கட்டிய புருஷனின் உயிர்ப்பயத்தில். வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், சாப்பிடாமல் தட்டைத் தள்ளிவிட்டார். அப்போதுதான் சொன்னேன். நாற்காலி, அமிலம், இருபது நிமிடம், எல்லாம்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"காலைத் தவிர ஒண்ணும் இல்லைங்க. நான்தான் தப்பு."

கண்ணில் நீர் வரச் சிரித்தார். "யானைக்கும் அடி சறுக்கும்மா" என்று என் கையைப் பிடித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் தம்பிகிட்டப் பேசினப்ப நீ இங்கதான இருந்த. அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

கையை விட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

"தம்பி, எனக்கு ஒண்ணும் இல்லடா, நல்லா இருக்கேன். அண்ணியைப் பாத்துக்கச் சொன்னேன்ல, அது வேண்டாம். அவளைப் பாத்துக்க அவளுக்கு நல்லாவே தெரியும்."