பேனரில் சிரித்தவன்

எங்கள் பிசினஸ் ஸ்கூலில் நடந்த கேம்பஸ் இன்டர்வியூவில் முதல் வேலை எனக்குத்தான் கிடைத்தது. வாசல் பேனரில் என் படத்தைப் போட்டார்கள். கம்பெனியோ சேரும் தேதியை மூன்று முறை தள்ளிப்போட்டது. பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் போய் நின்றேன்.

"சார், அடுத்த இன்டர்வியூல உட்காரட்டுமா?"

"உனக்குத்தான் வேலை கிடைச்சாச்சே. ஒருத்தருக்கு ஒண்ணுதான், அதான் ரூல். அடுத்தவன் வயித்துல அடிக்காத."

அந்த முதல் இன்டர்வியூவில் என்னிடம் தோற்ற பதினேழு பேரும் வேறு வேறு கம்பெனிகளில் சேர்ந்துவிட்டார்கள். நான் மட்டும் பேனரில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு வருஷம் கழித்து அதிகாரியே போன் செய்தார். "வேலை வாங்குறது எப்படின்னு ஜூனியர்களுக்கு நீதான் பேசணும். புதன்கிழமை ஆபீஸ்ல லீவு கிடைக்குமா?"

அம்மா கொடுத்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னேன். "எந்தக் கிழமைன்னாலும் கிடைக்கும் சார்."