கோட்டுக்கு வெளியே ஒரு கால்

காலேப் அந்தப் பந்தை வேண்டுமென்று உதைக்கவில்லை. கால்தான் உதைத்தது.

பந்து கோட்டை ஒட்டி உருண்டு வந்துகொண்டிருந்தது, இன்னும் வெளியே போகவில்லை. அதன் பின்னாலேயே எதிரணிக்காரன் ஒருவன் பாய்ந்து வந்தான். காலேப் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தான். பதினோரு வருடம் கோவாவிலும் கொல்கத்தாவிலும் டிஃபெண்டராகச் சம்பளம் வாங்கிய வலது கால் அவனைக் கேட்காமலேயே ஓரடி முன்னே போய், பந்தை ரயில் தண்டவாளம் வரைக்கும் தூக்கி அடித்துவிட்டது. நல்ல அடி. ரெஃப்ரி சிவப்பு அட்டையை உருவியபோதுதான், தான் இப்போது ஆட்டக்காரன் இல்லை, மேனேஜர் என்பதே அவனுக்கு உறைத்தது.

தண்டனை ஒரு மேட்ச். மைதானத்துக்குள் கால் வைக்கக்கூடாது. அந்த ஒரு மேட்ச்தான் லீக்கின் கடைசி மேட்ச். அவனுடைய டீமான பெருங்களத்தூர் ஜி.எஸ்.டி. பாய்ஸ் படப்பை டீமோடு டிரா செய்தால்கூட இரண்டாம் டிவிஷனில் நிற்கும். தோற்றால் மூன்றாம் டிவிஷன். கிளப் கமிட்டி சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டது: "டீம் எறங்கினா நீங்களும் எறங்கிக்கணும்."

உதைத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றியது. கீழ்க்கட்டளைப் பள்ளியில் டீச்சராக இருக்கும் அவன் மனைவி ஈவ்லின் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "என் கிளாஸ் பிள்ளைங்க எல்லாம் பார்த்தாச்சு. சர்ச்ல பாஸ்டரும் பார்த்துட்டாரு."

"இன்னா சொன்னாரு?"

"நல்ல ஷாட்டுன்னாரு." சிரிக்காமல் குழம்பை ஊற்றினாள். "எங்கண்ணன் மறுபடியும் கேட்டான். ஒரகடத்துல அந்த செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை இன்னும் காலியாத்தான் இருக்காம்."

காலேப் சோற்றைப் பிசைந்தான். அவன் அப்பா திரிசூலம் குவாரியில் கல் உடைத்தவர். அப்பா கையை விற்றார், மகன் காலை விற்றான், அவ்வளவுதான் வித்தியாசம். விற்ற கால் முப்பத்துநாலு வயதில் இரண்டு ஆபரேஷனோடு திரும்பி வந்தது. ஆடிய காலத்தில் அவனிடம் யாரும் எதையும் யோசிக்கச் சொன்னதில்லை. பந்து வந்தால் அடி, ஆள் வந்தால் மறி. கோட்டுக்கு வெளியே நின்று ஒருத்தர் கத்துவார், இவன் செய்வான். மேனேஜர் ஆனபோது அவனுக்குத் தெரிந்த மேனேஜர் வேலை அந்த ஒன்றுதான். கத்தினான். இரண்டு வருடமாகக் காலை ஐந்து மணிக்கே கத்தினான்.

யோசனை சொன்னது லோகநாதன். ஆட்டோ ஓட்டுகிறவன், பழைய கோல்கீப்பர், இப்போது காலேப்புக்குத் துணை.

"அண்ணா, கிரவுண்டுக்குள்ளதான வரக்கூடாது? பக்கத்துல அஞ்சு மாடி பிளாட்டு கீது. மொட்டை மாடில நின்னுகினு போன்ல சொல்லு. நான் காதுல மாட்டிகினு பசங்களுக்குச் சொல்றேன். தொப்பி போட்டுக்கினா ஒர்த்தனும் கண்டுபுடிக்க மாட்டான்."

"தப்புடா லோகா."

"தப்புதான். மூணாவது டிவிஷன் அத்த வுடத் தப்பு."

அந்த பிளாட்டின் சங்கச் செயலாளர் பத்ரிநாராயணன், டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்துச் சத்தம் தாங்கவில்லை என்று போலீஸில் இரண்டு முறை மனு கொடுத்தவரும் அவர்தான். காலேப் கதவைத் தட்டியதும் மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானே அந்த 'அடிடா, அடிடா'?"

"ஆமா சார்."

"ரெண்டு வருஷமா உங்க குரல்லதான் எழுந்துக்கறேன். ஆளை இப்பத்தான் பார்க்கறேன். வாங்கோ. ஒரே ஒரு கண்டிஷன், என் மாடியில கத்தப்படாது."

மாடிச் சுவரோரம் அவர் மனைவி அபிதகுஜாம்பாள் வளர்க்கும் மிளகாய்ச் செடிகள் வரிசையாக மண்தொட்டிகளில் நின்றன. பத்ரிநாராயணன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொடுத்தார். தானும் ஒன்றில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றரை மணிக்கு ஆட்டம் தொடங்கியது. தன் டீமை உயரத்திலிருந்து காலேப் பார்த்ததே இல்லை. கீழே நிற்கிறவனுக்குத் தெரிவது முதுகும் முழங்காலும்தான். இங்கிருந்து பார்த்தால் யாருக்கும் யாருக்கும் நடுவே எவ்வளவு இடம் கிடக்கிறது என்பது சுத்தமாகத் தெரிந்தது. அவனுக்கு நாக்கு ஊறியது.

"லோகா, துளசிங்கத்தைப் பத்தடி உள்ள வரச் சொல்லு!" என்றான் போனில், குரலை அடக்கிக்கொண்டு.

லோகநாதன் கத்தினான். நாலாம் நம்பர் சட்டை போட்ட துளசிங்கம், ஒரகடத்தில் டயர் ஏற்றி இறக்குகிறவன், என்னவென்று கேட்கத் திரும்பினான். அந்த நேரத்தில் படப்பைக்காரன் அவன் காலிலிருந்து பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டான்.

காலேப் பல்லைக் கடித்தான். பத்ரிநாராயணன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், ஒரு டவுட். தெரியாமத்தான் கேக்கறேன், கோவிச்சுக்கப்படாது."

"கேளுங்க."

"பந்து கால்ல இருக்கறச்சே அந்தப் பையன் ஏன் அந்த ஓரத்தையே திரும்பித் திரும்பிப் பார்க்கறான்? அவன் மட்டுமில்ல, எல்லாருமே. லோகநாதனையும் பார்க்கலை. அவருக்குப் பக்கத்துல வெறும் தரைதான் இருக்கு. அங்க யாரு இருக்கா?"

காலேப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை. வழக்கமாக அங்கே அவன் நிற்பான்.

அதற்குப் பிறகு அவன் பந்தைப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்காதவன், முதல் தடவையாக அதை விட்டுவிட்டுத் தலைகளைப் பார்த்தான். ஒருத்தனுக்குப் பந்து வரும், தலை அந்த வெற்றிடத்துக்குத் திரும்பும், மறுபடி பந்துக்கு வரும். அதற்குள் படப்பைக்காரன் மேலே விழுந்துவிடுவான். இடது ஓரத்தில் ஓடும் ஹர்ஷா மட்டும் முதல் பாதியில் பதினாலு தடவை திரும்பினான். இரண்டு வருடமாக இவர்கள் தன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். அதை மரியாதை என்று நினைத்திருந்தான்.

இடைவேளையில் போன் அடித்தது. லோகநாதன்தான். "அண்ணா, இன்னா சொல்லட்டும்? பசங்க காத்துகினு கீறானுங்கோ."

சொல்ல நூறு விஷயம் இருந்தது. பேசாமல் இருந்து டீம் தோற்றால் திங்கட்கிழமை ஒரகடத்து கேட்டில் விசில் ஊத வேண்டியதுதான். பேசித் தோற்றால் முயற்சி செய்தோம் என்றாவது இருக்கும். காலேப் வாயைத் திறந்தான். கீழே தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்த பதினோரு தலைகளும் லோகநாதனின் காதையே பார்த்துக்கொண்டிருந்தன.

இணைப்பைத் துண்டித்துப் போனை அணைத்தான். "சார், இத வெச்சிக்கோங்க. நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

பத்ரிநாராயணன் காரணம் கேட்கவில்லை. வாங்கி ஒரு மிளகாய்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தார்.

இரண்டாம் பாதி மோசமாகத் தொடங்கியது. படப்பைக்காரன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. லோகநாதன் காதைத் தட்டினான், போனைக் குலுக்கினான், மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தான். பிறகு அவன் செய்ததுதான் காலேப்புக்குப் புரியவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, யாரோ சொல்வதைக் கேட்கிறவன் போல, மெதுவாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தான்.

"போன் இங்க இருக்கு. யாருகிட்ட பேசறான் இவன்?"

"எனக்கும் அதுதான் சார் தெரியலை," என்றார் பத்ரிநாராயணன்.

துளசிங்கத்திடம் பந்து வந்தது. திரும்பிப் பார்த்தான். லோகநாதன் தலையாட்டினான். துளசிங்கம் பந்தோடு போனான். அடுத்து ஹர்ஷா பார்த்தான், அதற்கும் ஆட்டினான். கால் மணி நேரம் போனது. திரும்புவது குறைந்துகொண்டே வந்தது.

எழுபதாவது நிமிடம் போலத் துளசிங்கம் தன் கோலுக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் நடுவில் பந்தோடு மாட்டிக்கொண்டான். 'அடிச்சு வெளிய வுடுடா' என்று காலேப்பின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். துளசிங்கம் யாரையும் பார்க்கவில்லை. பந்தைக் காலடியில் உள்பக்கமாக இழுத்து, இரண்டு பேரையும் வெறும் காற்றை உதைக்க வைத்து, நீளமாக ஹர்ஷாவுக்குத் தள்ளினான். ஹர்ஷா ஓடினான், ஓடிப் போய் அடித்தான். கோல்.

காலேப் அதைச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. ஆடிய பதினோரு வருடத்தில் அவனுக்கே அது வந்ததில்லை. அந்த டயர்க்காரப் பயலுக்குள் வேறு என்னவெல்லாம் இருக்கிறதோ என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. தோற்றுவிட்டால் தெரிந்துகொள்ள முடியாதே என்பதுதான் இப்போது பயமாக இருந்தது.

கடைசி நிமிடம். படப்பைக்காரன் அடித்த பந்து கீப்பரைத் தாண்டி, கோட்டை நோக்கி மெதுவாக உருண்டது. துளசிங்கம் எங்கிருந்தோ ஓடி வந்தான்.

டமால் என்று மாடியில் சத்தம். மண்தொட்டி ஒன்று மூன்று துண்டாகக் கிடந்தது, மிளகாய்ச் செடி பக்கத்தில் சாய்ந்திருந்தது. கீழே பந்து தண்டவாளத்தைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. ரெஃப்ரி விசில் ஊதினார். ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் டிவிஷன்.

"சாரி சார்," என்றான் காலேப், வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு. "நான் இல்ல. கால்தான்..."

"தெரியும். வீடியோ பார்த்தேன்," என்றார் பத்ரிநாராயணன்.

போனைத் திருப்பி வாங்கி ஆன் செய்ததும் லோகநாதன் கூப்பிட்டுவிட்டான்.

"ரெண்டாவது ஹாஃப்ல யாருகிட்டடா பேசின?"

"யாருகிட்டயும் பேசலண்ணா! நாலு தபா போட்டேன், சுவிச் ஆஃப்னு வந்துச்சு. பேஜாராப் பூடுச்சு. பசங்களுக்குத் தெரிஞ்சா பயந்துடுவானுங்கோன்னு சும்மா காதுல கைய வெச்சிகினு, பாத்தவனுக்கெல்லாம் தலைய ஆட்டிகினு இருந்தேன்."

"நான் என்ன சொன்னேன்னு அவனுங்க கேக்கலையா?"

லோகநாதன் யோசித்தான். "ஒர்த்தனும் கேக்கலண்ணா."

சீசன் முடிந்தாலும் பயிற்சி முடியவில்லை. திங்கட்கிழமை ஐந்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆட்டம் ஓடியபின், ஐந்தாவது மாடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்ன சார், இன்னிக்குப் பிராக்டீஸ் இல்லையா? நான் எழுந்துக்கவே இல்லை!"

காலேப் அண்ணாந்து பார்த்தான். புதுத் தொட்டி ஒன்று சுவரோரம் தெரிந்தது. நேற்று சாயங்காலம் அவனே தூக்கிக்கொண்டு ஐந்து மாடி ஏறியது. அவருக்குக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினான். துளசிங்கத்திடம் பந்து இருந்தது. அவன் தன்னைத் திரும்பிப் பார்க்கிறானா என்று காலேப் கவனித்தான். பார்த்தான். காலேப் தலையாட்டினான்.

பிறகு கோட்டிலிருந்து நாலடி பின்னால் தள்ளி நின்றுகொண்டான். வாயை ஒருவழியாக மூடியாயிற்று, காலை நம்ப முடியாது.