பழைய காரும் அத்தானின் நேர்முகத் தேர்வும்

அத்தான் வங்கியில் கடன் கொடுக்கும் நாற்காலியில் காலமெல்லாம் உட்கார்ந்தவர். எதிரே வந்தவர்களைக் கேள்வி கேட்டே வாட்டி வதக்கியவருக்கு, ஓய்வு பெற்ற பிறகு வதக்க ஆள் கிடைக்கவில்லை. அக்கா மசிகிற ரகமில்லை. ஆகவே, பழைய கார் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கப் போவதாக அறிவித்தார்.

வீட்டில் காரை நிறுத்த இருப்பது ஒரே ஷெட். அதில் அக்கா இரண்டு தையல் மிஷின் போட்டுத் தொழில் நடத்துகிறாள்.

"மிஷினை மாடிப்படிக்குக் கீழ நகத்திக்கலாம்" என்றார் அத்தான்.

மாடிப்படிக்குக் கீழே எங்கள் துடைப்பமே குனிந்துதான் நிற்கும்.

மூவரும் என் வண்டியில் காரைப் பார்க்கப் போனோம். விற்பவருக்கு அக்கம்பக்கத்தில் மகாராஜா என்று பெயர். பட்டு அங்கி போட்டிருந்தார். அதன் காலரில் அழுக்கு மொறமொறவென்று காய்ந்திருந்தது. அவர் தார்ப்பாயை விலக்கியதுமே எலி மூத்திரமும் ஊறிப்போன பஞ்சும் சேர்ந்த ஒரு நெடி எங்களைக் கட்டித் தழுவியது. கையோடு கொண்டுபோன காந்தத்தைக் கதவில் வைத்தேன். ஒட்டாமல் விழுந்தது. இரும்பு துருப்பிடித்து உதிர்ந்த இடமெல்லாம் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்சீட்டில் ஒரு எலிக்கூடு. அதில் அப்பளமாய்க் காய்ந்த எலி ஒன்று.

"என்னங்க இப்படி நாறுது?" என்றேன்.

"நாத்தம் இல்ல தம்பி. ஒரிஜினல் வாசனை. கம்பெனி போட்ட சீட்டு."

"எலியும் கம்பெனியே போட்டுக் குடுத்ததா?" என்றாள் அக்கா.

அத்தானே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கிளம்பலாம் என்று கண்ணைக் காட்டினார். அக்கா முகத்தில் உயிர் வந்தது. அப்போதுதான் மகாராஜா தொண்டையைச் செருமினார்.

"இதை எல்லாருக்கும் குடுக்கறதில்ல சார். தகுதி இருக்கான்னு நான் முதல்ல பாப்பேன். போன வாரம் ஒரு டாக்டரையே திருப்பி அனுப்பிட்டேன்."

கைக்குட்டை இறங்கியது. அத்தான் அங்கே கிடந்த முக்காலியில் முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்தார்.

"பழைய வண்டி மேல பற்று எப்பலேர்ந்து?"

"சின்ன வயசுலேர்ந்து சார்."

சின்ன வயதில் இவர் சைக்கிள் மணிக்கே அழுவார் என்று இவர் அம்மா சொல்லியிருக்கிறார்.

"எப்படித் துடைப்பீங்க?"

"குழந்தைக்குத் தலை துவட்டற மாதிரி சார்."

"சபாஷ். உள்ள உக்காந்து காட்டுங்க."

உட்கார்ந்தார். அடியில் ஏதோ நொறுங்கியது. அத்தான் புன்னகைத்தார். எனக்குக் குமட்டியது. அதற்கு எலி காரணமில்லை.

"கடைசிக் கேள்வி. தனியா ஷெட் இருக்கா?"

"இருக்கு சார். காலியாத்தான் இருக்கு."

"காலியா இல்ல" என்றாள் அக்கா. "அதுல நான் இருக்கேன்."

"மாடிப்படிக்குக் கீழதான்…"

"அங்க நீங்க போய்ப் படுங்க. என் மிஷின் நகராது."

மகாராஜா உதட்டைப் பிதுக்கினார். "ஷெட் இல்லாதவங்களுக்குக் குடுக்கறதில்லையே."

"சார், ஒரே ஒரு வாய்ப்பு…" என்று கெஞ்ச ஆரம்பித்தார் அத்தான். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வாசல் கேட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். அங்கி பறக்க மகாராஜா ஓடிவந்தார்.

"சார், சார்! ஷெட் எதுக்கு? தார்ப்பாய் போதும். விலையையும் குறைச்சுக்கலாம். ஒருத்தரும் வர மாட்டேங்கறாங்க சார்."

அத்தான் நின்றார். முதுகு நிமிர்ந்தது. தொந்தி ஓர் அங்குலம் முன்னால் வந்தது. நாற்காலி ஒன்றுதான் குறைச்சல்.

"நாளைக்கு வீட்டுக்கு வாங்க. பாக்கலாம்."

மகாராஜா கும்பிட்டார்.

என் வண்டிக் கதவைத் திறந்ததும், "பின்சீட்டுல பேப்பர் விரிடா" என்றாள் அக்கா. "இவர் அதுமேல உக்காரட்டும்."

கால்சட்டையில் எலி முடி ஒட்டியிருக்க அத்தான் உட்கார்ந்தார்.

"அப்போ அந்தக் காரை வாங்கப் போறீங்களா?" என்றேன்.

"அந்தக் குப்பையையா? எவன் வாங்குவான்?" அத்தான் சாய்ந்துகொண்டார். "அந்த ஆளு சும்மா ஒரு பத்து தடவை நம்ம வீட்டுக்கு நடக்கட்டும்."